பரிசுச் சாந்தினால் ஒரு மலைநாடு



"தம்பி, படிக்கிற பிள்ளை நீர், விஞ்ஞானத்தைப் பற்றி ஏதாவது கதையும்" என்று செயலாளர் ஐயா கேட்டபோது, அணுவைப் பற்றிப் பேசலாமா, வான்வெளிப் பயணத்தைப் பற்றிப் பேசலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவற்றுள் ஒன்றையேனும் நான் கையாலே தொட்டதில்லை. புத்தகத்திற் படித்ததை மேடையில் ஒப்பிப்பதிலும், கையாலே தொட்டு, கெடுத்து, மறுபடியும் செய்து பழகிய ஒன்றைப் பற்றிப் பேசுவதே நேர்மையாகுமென்று பட்டது. நமது வாசிகசாலையில் மேசைமேல் இருக்கும் மலைநாட்டு உருவத்தை நீங்கள் எல்லீரும் கண்டிருக்கிறீர்கள். அதனைச் செய்த கதையே இன்றைய எனது பேச்சு.

யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்கு மலை என்பது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் என்று மனனஞ் செய்வோம். சுற்றிப் பார்த்தால் பனையும் வேலியுமே தெரியும். கீரிமலை என்றொரு மலை உண்டே என்பீர்கள். அங்கே நீராடப் போகிறவர்கள் யாரேனும் மூச்சு வாங்க மலையேறியதுண்டா? நான் செய்த உருவத்தின் அளவுத்திட்டத்திலே நமது தீபகற்பத்தின் பெரும்பகுதி ஒரு தபாலட்டையின் தடிப்பளவே உயரும். ஆகவே, மலையைச் செய்து பார்க்கவேண்டுமென்ற ஆசை மலையில்லாதவனுக்கு எழுவதில் வியப்பில்லை.

இந்த ஆசை எனக்குள் விழுந்தது மிசன் பாடசாலையிலேதான். சைவப் பிள்ளையாகிய நான் ஆண்டுதோறும் மார்கழியில் அங்கே பாலன் குடில் கட்டுவோருடன் கூடிவிடுவேன். கடுதாசியைக் கசக்கி, பசைநீரில் தோய்த்து, கம்பிவலைமேற் போர்த்தி, பச்சை வண்ணம் தெளித்துவிட்டாற் பெத்லகேம் மலை தயார்! அது எந்த மலையென்று யாரும் கேட்பதில்லை. ஆட்டுக்குட்டி சரிந்து விழாமல் நின்றாற் போதும். கற்பனை நிலத்துக்கு இந்த முறை நல்லது. இக்காலத்தில் விளையாட்டுப் புகையிரதப் பாதை அமைப்போரும், கடுதாசிக்குப் பதிலாகச் சாந்து தோய்த்த துணியைப் போர்த்தி ஏறத்தாழ இவ்வாறே மலை செய்கிறார்கள். வாலிப நண்பர்கள் தொடங்குவதாயின் இதிலே தொடங்கலாம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

நான் விரும்பியதோ உள்ளது உள்ளபடியான ஒரு மலைநாடு. அதற்குக் கசக்கிய கடுதாசி உதவாது. படமும் கணக்கும் வேண்டும்.

நில அளவைத் திணைக்களத்தார் விற்கும் ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான படங்களிற் கபில நிறத்திலே நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள் உண்டு. அவையே சமவுயரக் கோடுகள். ஒரு கோட்டிலுள்ள இடங்கள் எல்லாம் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரமானவை. அப்படங்களைப் பாதியாகச் சுருக்கிப் பிரதி எடுத்தேன். இப்போது அளவு இலட்சத்துக்கு ஒன்று; நிலத்தில் ஒரு கிலோமீற்றர், பலகையில் ஒரு சென்ரிமீற்றர். இரண்டரை அடிச் சதுரப் பலகையொன்றில், மேற்கே கடுகண்ணாவையும் சிவனொளிபாதமலையும், கிழக்கே பதுளையும், வடக்கே கண்டியும், தெற்கே உலக முடிவுச் செங்குத்தும் அடங்கிவிட்டன. நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிட நேர்ந்தது. அதற்காக இன்றும் மனவருத்தமுண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பலகை எங்கள் வீட்டுக் கதவால் நுழையாது.

இங்கே ஒரு நேர்மைப் பிரச்சினை எழுந்தது. இலங்கையின் அதியுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர். இலட்சத்துக்கு ஒன்றாகச் செய்தால் அது இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரமே வரும். இரண்டரை அடிப் பலகையில் இரண்டரைச் சென்ரிமீற்றர்! பார்ப்பவர் கண்ணுக்குத் தோசை மாதிரித் தட்டையாகத் தோன்றும். நாம் மலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். வானத்திலிருந்து பார்க்கும்போது பூமி எவ்வளவு தட்டையானது என்பது நமக்கு உறைப்பதில்லை. ஆகையால் மலையுருச் செய்வோர் உயரத்தை மாத்திரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மிகைப்படுத்துவது வழக்கம். இது பொய்யல்லவா என்று நான் வெகுநேரம் தர்க்கித்தேன். ஐந்து மடங்கு ஆக்கினால் மலைகள் கூம்பிய சர்க்கரைப் பொம்மைகளாகிவிடும். அது நிச்சயமாகப் பொய். இரண்டு மடங்கிலே நின்றுகொண்டு, அதனைப் பலகையின் ஓரத்தில் எழுதியும் வைத்துவிட்டேன். எழுதிவைத்த பின்பு அது பொய்யாகாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கூட்டம் முடிந்தபின் வாதாடலாம்.

இரண்டு மடங்கென்று தீர்ந்ததும் கணக்கு அழகாக அமைந்தது. பெட்டி செய்யும் நெளிமட்டையின் தடிப்பு ஏறக்குறைய நாலு மில்லிமீற்றர். அது எனது அளவில் இருநூறு மீற்றருக்குச் சமன். ஆகவே இருநூறு, நானூறு, அறுநூறு என்று இருநூறு மீற்றருக்கொரு கோட்டைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் மட்டையிற் பிரதிசெய்து, கத்தியால் வெட்டி, ஒன்றன்மேலொன்றாக ஒட்டினேன். கடையில் இனாமாகக் கிடைத்த சவர்க்காரப் பெட்டிகளும் பிசுக்கோத்துப் பெட்டிகளுமே மலைநாட்டின் எலும்புக்கூடு. பன்னிரண்டாவது மட்டை 2,400 மீற்றர். அந்த மட்டை பிதுருதலாகலைக்கு மாத்திரமே கிடைத்தது, அதுவும் நகத்தளவு. கிரிகல்பொத்தை சில மீற்றர் குறைந்தபடியால் அந்த மட்டையை இழந்தது. பரீட்சையில் ஒரு புள்ளியாற் சித்தியெய்தாத பிள்ளையைப் போல அது எனக்குத் தோன்றிற்று.

இந்த நிலையிலேயே, சாந்து பூசுமுன்னரே, ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மலைநாடு ஒழுங்காக உயர்ந்துகொண்டே போகும் குவியலன்று; படிப்படியாக எழுவது. தாழ்நிலம், அதற்குமேல் ஓர் இடைப்படி, அதற்குமேல் உச்சிப்படி என்று மூன்று மட்டங்கள் உண்டென்று 1929 இல் அடம்ஸ் என்னும் கனடியப் புவிச்சரிதவியலாளர் எழுதினார். பின்பு இந்நாட்டில் அரசாங்கக் கனிப்பொருளறிஞராக இருந்த வாடியா, நிலத்துண்டங்கள் மேலே தள்ளப்பட்டமையே அதற்குக் காரணமென்றார். வகுப்பிலே இதனைக் கேட்டபோது எனக்குக் கொட்டாவி வந்தது. மட்டைகளை ஒட்டும்போது, சில இடங்களில் ஐந்தாறு மட்டைகளின் விளிம்பு ஒன்றோடொன்று முட்டிச் சுவராக நிற்பதையும், அப்பால் ஒரே மட்டை அகலமாக விரிவதையும் விரல் கண்டபோது கொட்டாவி பறந்துவிட்டது. உலக முடிவில் ஏறக்குறைய 880 மீற்றர் வீழ்ச்சி. நாலு மட்டைகளும் அரையும் ஒரே வெட்டாக நின்றன.

இனிச் சாந்துக்கு வருவோம். பரிசுச் சாந்து என்றால் ஏதோ போட்டியில் வென்றவர்க்குக் கொடுக்கும் பரிசென்று சிறுவர்கள் எண்ணிவிட வேண்டாம். பாரிஸ் நகரத்து மொன்மார்த்தர்க் குன்றில் ஜிப்சக் கல் ஏராளமாக வெட்டப்பட்டதனால் வந்த பெயர் அது. ஜிப்சம் என்பது நீரைத் தன்னுட் கட்டிவைத்திருக்கும் கல்சியஞ் சல்பேற்று. அதனை நூற்றைம்பது பாகையளவிற் சூடாக்கினால், கட்டுண்ட நீரில் நாலில் மூன்று பங்கு ஆவியாகிப் போய்விடும்; மிஞ்சும் வெள்ளை மாவே சாந்து. அதற்கு மறுபடியும் நீர் கொடுத்தால், இழந்ததை ஆவலோடு வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. ஊசி போன்ற பளிங்குகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால் இறுகுகிறது. ஆகவே சாந்து காய்ந்து இறுகுவதில்லை. நீரை உண்டு இறுகுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை நான் முதலிலேயே விளங்கியிருந்தால் ஒரு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

என் முதல் முயற்சி எப்படிக் கெட்டதென்று கேளுங்கள். பட்டணத்துக் கடையொன்றில், வாய் திறந்து கிடந்த சாக்கிலிருந்து சாந்தை நிறுத்து வாங்கினேன். அந்த மா எத்தனை மாதம் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்திருந்ததோ! நமது நாட்டுக் காற்றில் திறந்து வைத்த சாந்து மெல்லமெல்லத் தன் சக்தியை இழந்துவிடும். நான் கரைத்துப் பூசினேன். பத்து நிமிடம் போயிற்று, அரை மணி போயிற்று. கெட்ட தயிர்போலக் கிடந்தது. வெயிலில் வைத்தால் இறுகுமென்று முற்றத்துக்குக் கொண்டுபோனேன். நீரை உண்ண வேண்டியதை வெயிலுக்கு உண்ணக் கொடுத்தேன்! மாலையில் மலைநாடெங்கும் வெடிப்பு; தொட்ட இடமெல்லாம் மாவாய் உதிர்ந்தது. அத்தோடு நில்லாமல், மட்டை ஈரத்தில் ஊறி உப்பி, கீழே இருந்த மென்பலகையும் படகுபோல வளைந்துவிட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பிட்டுமாவெண்டால் நல்லாய்த்தான் வந்திருக்கு" என்றார்.

இரண்டாம் முறை செய்தவற்றைச் சொல்கிறேன். பலகையின் அடியிற் குறுக்குச் சட்டங்கள் இரண்டு அறைந்து, இருபுறமும் வண்ணம் பூசினேன். ஒரு புறம் மாத்திரம் பூசினால் மற்றப் புறத்தால் ஈரம் புகுந்து பலகை வளையும். மட்டைகளின்மேல் மரவேலைக்காரரின் வெள்ளைப் பசையை நீரிற் கரைத்து இரண்டு தரம் பூசிக் காயவிட்டேன். மட்டை தாகமாயிருந்தாற் சாந்தின் நீரைத் தானே உறிஞ்சிவிடும். சாந்து பட்டினியால் உதிரும். மாவும் வாய் கட்டிய புதுப் பொதியாகவே வாங்கினேன். மூன்று கிலோ போதுமாயிருந்தது. பூசு முன்பு தேக்கரண்டியளவு கரைத்துக் கால்மணியில் இறுகுகிறதா என்று சோதித்தேன்.

கரைக்கும் முறையிலே புதியவர் எல்லாரும் ஒரே பிழையைச் செய்வார்கள். மாவில் நீரை ஊற்றுவார்கள், கட்டி கட்டியாகிவிடும். நீரைப் பாத்திரத்தில் எடுத்து, மாவை விரலிடையாற் கோலமாவு போலத் தூவவேண்டும். ஒரு பங்கு நீருக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு மா போகும். மா நீருக்குமேலே சிறு தீவுகளாக எழுந்து நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, காற்றுக்குமிழி புகாதபடி மெல்லக் கிண்டவேண்டும். ஒருமுறைக்கு ஒரு தேநீர்க் கோப்பையளவு கரைத்தாற் போதும். அதைப் பூசி முடிப்பதற்குள் அது இறுகத் தொடங்கும். இறுகத் தொடங்கியதற்கு மேலும் நீர் சேர்த்து இளக்கலாமென்று எண்ணுவது வீண்; அது பலமற்ற சாந்தாகும். பாத்திரத்தின் பழைய பொருக்கைக் கழுவாமல் அடுத்ததைக் கரைத்தால் முன்னதிலும் விரைவாக இறுகிவிடும். உப்பும் வெந்நீரும் அப்படியே விரைவுபடுத்தும். சிறிது வினாகிரி தாமதப்படுத்தும். கழுவிய நீரைக் குழாய்த் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள்ளே கல் முளைக்கும். நான் கிணற்றடி வாழைக்கும் ஊற்றவில்லை. பின்வளவிற் குழி வெட்டி ஊற்றினேன்.

சிறுவர்களுக்காக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சாந்து இறுகும்போது சூடு பிறக்கும். மெல்லிய பூச்சில் அது இளஞ்சூடுதான். பெருந்தொகையாகக் குவிந்திருந்தால் தோலை வேகவைத்துவிடும். 2007 இல் இங்கிலாந்துப் பாடசாலையொன்றில், தன் கையின் அச்சை எடுப்பதற்காகச் சாந்து நிறைந்த பாத்திரத்திற் கைகளை வைத்த மாணவி, இறுகியபின் எடுக்கமுடியாமல் விரல்களிற் பெரும்பாலானவற்றை இழந்தாள். ஆகவே கையைப் புதைக்கும் விளையாட்டு வேண்டாம். மா தூவும்போது மூக்கை ஒரு துணியாற் கட்டிக்கொள்ளுங்கள்.

சாந்திலே சிறிது காவிப்பொடி கலந்தேன். பின்பு எங்காவது ஒரு துணுக்கு உடைந்தாலும் வெள்ளைக் காயமாகத் தெரியாது. பூசி ஐந்தாறு நிமிடத்தில், பாலாடைபோல இறுகும் பருவத்தில், பழைய தூரிகையாலும் தேய்ந்த கத்தியாலும் பள்ளத்தாக்குகளைக் கீறலாம். அதுவே இன்பமான நேரம். மகாவலி கண்டியைச் சுற்றி வளையும் வளைவை நான் அந்த ஐந்து நிமிடத்திலே கீறினேன். சிவனொளிபாதமலையின் கூம்பை மூன்று தரம் செய்து மூன்று தரமும் திருப்தியில்லை, இப்போதிருப்பது நாலாவது.

சாந்தால் மலை செய்தது ஏதோ என் புதுமை என்று கருதவேண்டாம். சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் நகரத்தில் பிபைபர் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர், 1762 முதல் 1786 வரை, தாமே மலைகளில் ஏறியிறங்கி அளந்து, நடுச் சுவிற்சர்லாந்து முழுவதையும் ஏறக்குறைய ஆறரை மீற்றர் நீளத்தில் உருவாக்கினார். மரம், கரி, ஓட்டுத்துண்டு, சாந்து எல்லாம் கலந்து செய்து, மேலே மெழுகு பூசினார். அது இன்றும் அங்கே இருக்கின்றது. அவருக்குச் சமவுயரக் கோட்டுப் படம் கிடையாது. நமக்குக் கடையிற் கிடைக்கிறது. அவருக்கு இருபத்துநாலு ஆண்டு. எனக்கு, கெட்ட மாதத்தையும் சேர்த்து, மூன்று மாதம்.

இனி நான் சொல்லவந்த முக்கிய சம்பவம். உருவம் வாசிகசாலைக்கு வந்த முதல் வாரத்தில், எங்கள் அயலிலுள்ள பெரியவர் ஒருவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் புகையிரதப் பகுதியிற் காட்டாக மலைநாட்டுப் பாதையிலே வேலை செய்தவர். அப்புத்தளையிற் குடும்பத்தோடு இருந்தவர். 1983 ஆடியில் அங்கிருந்து புறப்பட்டவர் பின்பு அந்தப் பக்கம் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நீரழிவினாற் கண் பார்வையும் போய்விட்டது. "தம்பி, தொடலாமோ?" என்று கேட்டார். தொடவேண்டாம் என்று நான் எழுதி வைத்திருந்த அட்டையை அவர் பார்க்க முடியாது. நான் அதனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கண்டியில் அவர் விரலை வைத்துவிட்டேன். அதன்பின்பு என் உதவி வேண்டியிருக்கவில்லை. கம்பளை, நாவலப்பிட்டி, அற்றன் என்று விரல் ஏறிக்கொண்டே போயிற்று. பாதையை நான் கீறவேயில்லை. மலையின் சரிவைக்கொண்டே பாதை எவ்வழி போயிருக்கவேண்டுமென்று கண்டுபிடித்தார். பட்டிப்பொலைக்கு அப்பால், அப்பாதையின் உச்சியாகிய சுமார் 1,900 மீற்றரில் விரலை நிறுத்தி, "இதிலை ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் புகார், அங்காலை வெளிக்கிட்டால் ஊவா வெயில்" என்றார். ஒகியாவைத் தாண்டி இதல்கஸ்கின்னையை அடைந்ததும் விரல் தடுமாறியது. முன்னும் பின்னும் நாலைந்து தரம் தடவினார்.

"தம்பி, இது பிழை."

"என்ன ஐயா பிழை?"

"ஸ்ரேசனிலை நிண்டால் தெற்காலையும் பள்ளம், வடக்காலையும் பள்ளம். ரெண்டு பக்கமும் பாக்கலாம். நீர் ஒரு பக்கத்துப் பள்ளத்தைத் தூர்த்துப் போட்டீர்."

படத்தை எடுத்துப் பார்த்தேன். மட்டைகள் சரியாகத்தான் வெட்டப்பட்டிருந்தன. சாந்து பூசும்போது, மட்டையின் படிகள் அசிங்கமாகத் தெரிகின்றனவென்று, வடபுறத்து இரண்டு படிகளையும் ஒரே சரிவாக மெழுகிவிட்டிருந்தேன். கண்ணுக்கு அது அழகாகவே இருந்தது. கண்ணுள்ளவர் ஐம்பது பேர் பார்த்து மெச்சினார்கள். ஒருவரும் பிழை சொல்லவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாக அந்த இடத்தைக் காணாத, இப்போது எதையுமே காணாத ஒருவர் விரலாற் சொன்னார். எனக்கு வெட்கமாயிருந்தது, சிறிது கோபமும் வந்ததை மறைப்பானேன்?

மூன்று மாலைப்பொழுதுகள் அதற்குச் செலவாயின. இறுகிய சாந்தை நீரால் நனைத்து ஊறவிட்டுச் சுரண்டினால் வெட்டலாம். உலர்ந்தபடி வெட்டினாற் பாளம் பாளமாய்ப் பெயரும். சுரண்டியபின் புதுப்பூச்சுப் போடுமுன்னும் பழையதை நன்றாக நனைக்கவேண்டும். இல்லையேல் பழைய சாந்து புதுச் சாந்தின் நீரைக் குடித்துவிடும். இரண்டாம் பூச்சை மட்டையின் வளைவுக்கு அடங்கி, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இட்டேன். அப்படியே மற்றப் பள்ளத்தாக்குகளையும் படத்தோடு ஒப்பிட்டபோது, அழகுக்காக நான் தூர்த்த இடங்கள் இன்னும் ஏழு அகப்பட்டன.

பெரியவர் மறுபடியும் வந்தார். இதல்கஸ்கின்னையிலே விரலைக் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் பெருவிரலும் மறுபக்கம் சுட்டுவிரலும் தாழ்வதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அப்புத்தளைக்கு விரலை நகர்த்தி, பேரனிடம், "உன்ரை அம்மா பிறந்தது இதிலைதான். நீயும் கையை வைச்சுப் பார்" என்றார். பையன் வைத்துப் பார்த்தான். தெமோதரையிலே பாதை தன்னைத்தானே சுற்றித் தன் அடியாற் போவதை எப்படிக் காட்டப் போகிறீர் என்று என்னைக் கேட்டார். என் அளவில் அது ஒரு கடலைப் பருப்பளவுக்குள் அடங்கிவிடும், காட்டமுடியாது என்றேன். "அப்ப அதை மட்டும் பெரிசாய் வேறொண்டு செய்யும்" என்றார்.

அந்த வேலையை இப்போது தொடங்கியிருக்கிறேன். ஐயாயிரத்துக்கு ஒன்று என்ற அளவு. இம்முறை உயரத்தை மிகைப்படுத்தத் தேவையில்லை. பாதைக்கு மெல்லிய செப்புக்கம்பி பதிக்கப் போகிறேன், விரலுக்குத் தெரியவேண்டுமல்லவா? நெளிமட்டைப் பெட்டிகள் ஏராளமாக வேண்டியிருக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் நனையாமல் வாசிகசாலைக்கு அனுப்பி வைக்கவும். சனிக்கிழமை மாலைகளில் வெட்டுவதற்கு நாலு பேர் வந்தாற் போதும். சாந்து கரைக்க ஒருவர். தொடவேண்டாம் என்ற அட்டையை எடுத்துவிட்டோம்.